துறவற சபையில் விசுவாச வாழ்வும் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கத்தோலிக்க அருள்சகோதரி. எங்கள் சபையில் சேர விரும்பி வருகிறவர்களோடு பேசுவதும், அவர்களுடைய பெற்றோரைச் சந்திப்பதும் என் பொறுப்பு. அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். சட்ட எண்கள் வரும் இடங்களில் இலத்தீன் திருச்சபைக்கு உரிய 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பைச் சொல்கிறேன். கீழைத் திருச்சபைகளுக்கு 1990-ல் தனிச் சட்டத் தொகுப்பு வந்தது. அதோடு ஒவ்வொரு சபைக்கும் சொந்த அமைப்புவிதிகள் உண்டு என்பதால், விவரங்கள் சபைக்குச் சபை கொஞ்சம் மாறும்.

துறவற சபை என்றால் என்ன? குருக்களும் துறவியரும் ஒன்றா?

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளைத் திருச்சபையின் முன்னிலையில் கொடுத்து, உடன்பிறப்புகளாகச் சேர்ந்து வாழ்கிறவர்களின் அமைப்பு அது. வார்த்தைப்பாடு, சேர்ந்து வாழ்தல் இரண்டையுமே சட்டம் எதிர்பார்க்கிறது (எண் 607).

மறைமாவட்டக் குரு ஓர் ஆயரின் கீழ் பணி செய்கிறவர். மணமாகாமல் வாழவும் ஆயருக்குப் பணியவும் அவர் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்கு இல்லை. துறவியரில் சிலர் குருக்களாகவும் இருப்பார்கள், மற்றவர்கள் அருள்சகோதரர், அருள்சகோதரிகள். அசிசியின் பிரான்சிஸ் இவ்வளவு பெரிய துறவற இயக்கத்தைத் தொடங்கியவர், ஆனால் கடைசிவரை குருவாகவில்லை.

கடவுளுக்கும் மக்களுக்கும் பணி செய்யத் தனியாகவே வாழலாமே? எதற்கு ஒரு கூட்டமாக வாழ வேண்டும்?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இயேசு பன்னிருவரை நியமித்ததைச் சொல்லும்போது மாற்கு (3:14) இரண்டு காரணங்களைச் சொல்கிறார்: அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும், நற்செய்தியைப் பறைசாற்ற அனுப்பப்பட வேண்டும். கூட இருப்பதும் அனுப்பப்படுவதும் ஒரே மூச்சில் வருகின்றன. லூக்கா 10-ல் எழுபத்திரண்டு பேரை அனுப்பும்போதும் இருவர் இருவராகத்தான் அனுப்புகிறார். ஒருவரோடு ஒருவர் அன்பு கொண்டிருந்தால் அதிலிருந்து நீங்கள் என் சீடர் என்று எல்லாரும் தெரிந்துகொள்வார்கள் என்று யோவான் 13:35 சொல்கிறது. அதாவது, சீடர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே ஓர் அறிவிப்பு.

தொடக்கத் திருச்சபையில் நம்பிக்கை கொண்டவர்கள் ஒரே உள்ளமும் ஒரே உயிருமாய் இருந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 4:32 சொல்கிறது. பழங்கால ஆயரான அகுஸ்தீனார் துறவியருக்காக எழுதிய ஒழுங்குமுறையின் தொடக்கத்திலேயே அதைத்தான் வைத்தார்: நீங்கள் ஒன்றுகூடியதன் முதல் காரணம் ஒரே மனத்தோடு இந்த வீட்டில் வாழ்வது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணி வெளியே நடக்கிறது, வீடு என்பது சாப்பிட்டுத் தூங்குகிற இடம் என்ற எண்ணம் எங்களுக்குள்ளேயே எளிதாக வந்துவிடுகிறது. மன்னிப்பைப் பற்றி நாள் முழுவதும் வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் பக்கத்து அறைச் சகோதரியோடு பேசாமல் இருந்தால், நான் எடுத்த வகுப்பில் ஏதோ குறைகிறது. மக்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மொழியும் வயதும் குணமும் வேறான, ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காத சிலர், கிறிஸ்துவின் பெயரால் ஒரே மேசையில் உட்கார முடிகிறது என்பதே பலருக்கு முதல் மறையுரை.

மூன்று வார்த்தைப்பாடுகளும் அன்றாடத்தில் என்ன அர்த்தம் தரும்?

ஏழ்மையில் தொடங்குகிறேன், அதுதான் கண்ணுக்குத் தெரியும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே ஒருவர் தன் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது உயில் எழுத வேண்டும். அதன் பிறகு உழைத்துச் சம்பாதிப்பது, ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை எல்லாம் சபைக்கே சேரும் (எண் 668). பதிலுக்கு, உறுப்பினருக்குத் தேவையானதைச் சபை கொடுத்தாக வேண்டும் (எண் 670). இது சட்டத்தின் அளவு. நடைமுறையில் கடினம் வேறு இடத்தில் இருக்கிறது: எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு வேண்டுமானாலும் கேட்க வேண்டும். படித்து முடித்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் ஆண்டில் இது உறுத்தும். என் நேரமும் என் திறமையும் என்னுடையவை அல்ல என்பது அதைவிட மெதுவாகத்தான் பிடிபடும்.

கற்பு என்றவுடன் திருமணம் செய்யாமல் இருப்பதை மட்டும் நினைக்கிறோம். ஒருவருக்கு மட்டும் உரியவளாக இல்லாமல், வருகிற யாருக்கும் இதயத்தில் இடம் வைத்திருப்பது அது. தனிமை வரும். வராது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நல்ல நட்புகளும் நேர்மையான ஆன்ம ஆலோசகரும் இல்லாமல் இந்த வார்த்தைப்பாட்டைக் காப்பது மிகவும் கடினம். நட்பே ஆபத்து என்று ஒரு காலத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அது பலரை வறண்டவர்களாக்கியது.

கீழ்ப்படிதலுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. சில சபைகளில் நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு. மறைப்பணிக்காகத் திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போவதாக இயேசு சபையினர் கொடுப்பது ஒன்று. அன்னை தெரசாவின் சகோதரிகள் ஏழையரிலும் ஏழைக்கு முழுமனத்தோடு இலவசமாகப் பணி செய்வதாகக் கொடுப்பது இன்னொன்று.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் தியானமும் திருப்புகழ்மாலையும் (திருப்பாடல்கள் அடங்கிய திருச்சபையின் அன்றாடச் செபம்), முடிந்தவரை தினமும் திருப்பலி, பிறகு அவரவர் பணி, மாலையில் மீண்டும் சேர்ந்து செபம், சேர்ந்து உணவு, கொஞ்சம் உரையாடல். விவிலிய வாசிப்பு, செபமாலை, ஆண்டுக்கொரு தியானம் ஆகியவற்றையும் எண் 663 குறிப்பிடுகிறது. துறவியர் வெளியே போகாமல் வாழும் அடைபட்ட மடங்களில் செபமே நாளின் பெரும்பகுதி.

செப நேரத்தில் யாராவது உதவி கேட்டு வந்தால்?

எழுந்து போக வேண்டும். 1633-ல் லூயிஸ் தே மரியாக்கோடு சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் இதில் தயங்கவே இல்லை. ஏழைக்காகச் செபத்தை விட்டுப் போவது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்பது அவர் போதனை.

ஆனால் அந்த வாக்கியத்தை நாங்கள் மிக அதிகமாகப் பயன்படுத்துகிறோம். வாசலில் ஒரு நோயாளி நிற்பது வேறு, முடிக்காத அறிக்கைக்காக வாரக்கணக்கில் தியானத்தைத் தள்ளிப்போடுவது வேறு. பின்னதில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானே ஓடுகிறேன். வின்சென்ட் தம் சகோதரிகளை அதிகாலையில் எழுந்து செபிக்கச் சொன்னவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒருவர் பணியில் எரிச்சலும் கசப்பும் கூடிக்கொண்டே போனால், நான் முதலில் கேட்பது, எத்தனை நாளாய் அமைதியாக உட்கார்ந்து செபிக்கவில்லை என்பதுதான். அடுத்து, எத்தனை நாளாய் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று கேட்பேன். பல நேரம் இரண்டுக்கும் ஒரே பதில் வரும்.

பிடிக்காத ஒருவரோடு ஒரே வீட்டில் வருடக்கணக்கில் எப்படி வாழ்வது?

லிசியு நகரத் தெரசா, நாம் சிறுமலர் என்று அழைப்பவர், 1888-ல் 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து 1897-ல் 24 வயதில் இறந்தவர். தியான நேரத்தில் பின்னால் உட்கார்ந்த ஒரு சகோதரி விடாமல் சின்னச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்ததை அவர் எழுதியிருக்கிறார். திரும்பிப் பார்த்து முறைக்கத் தோன்றியது, அடக்கியதில் உடம்பெல்லாம் வியர்த்தது. கடைசியில் அந்தச் சத்தத்தையே இனிய இசையைப் போலக் கவனித்துக் கேட்டு, அதையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். எதிலும் தனக்குப் பிடிக்காத இன்னொரு சகோதரிக்கு அவர் காட்டிய அன்பைப் பார்த்து, என்னிடம் உங்களுக்கு எது இவ்வளவு பிடித்திருக்கிறது என்று அந்தச் சகோதரியே கேட்டாராம்.

இந்த நிகழ்ச்சிகள் எனக்கு மிகவும் பிரியமானவை, ஏனென்றால் இவற்றில் நாடகம் எதுவும் இல்லை. குழு வாழ்வின் சிலுவை பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும்: கதவைச் சத்தமாகச் சாத்துகிறவர், சொன்னதையே சொல்கிறவர், பாத்திரத்தைக் கழுவாமல் போகிறவர். இங்கே அன்பு செய்யப் பழகாதவருக்குத் தொலைவில் இருக்கும் ஏழையை நேசிப்பது கற்பனையில் மட்டும் எளிதாக இருக்கும்.

அப்புறம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தெரசாவின் பொறுமையைக் காட்டி அநீதியைச் சகித்துக்கொள்ளச் சொல்வது தவறு. எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். அவமதிப்பு, ஒதுக்கிவைத்தல், மிரட்டல் ஆகியவற்றைப் பேச வேண்டும், தேவைப்பட்டால் மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல இல்லங்களில் மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து, மனத்தாங்கல்களை முகம் பார்த்துச் சொல்லும் வழக்கம் இருக்கும். அது இல்லாத இல்லத்தில் முணுமுணுப்பு இருக்கும். துறவியருக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட் அதில் மீண்டும் மீண்டும் கண்டித்த குறை அதுதான்.

கீழ்ப்படிதல் என்றால் தலைவி சொல்வதெல்லாம் சரி என்று ஏற்பதா?

இல்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு அமைப்புவிதிகளுக்கு உட்பட்டது, தலைவியின் மனநிலைக்கு உட்பட்டதல்ல. தலைமைப் பொறுப்பு பொதுவாகக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் (எண் 624). பணியாளருக்குரிய மனத்தோடு அதைச் செய்ய வேண்டும், உறுப்பினர்களை விருப்பத்தோடு செவிமடுக்க வேண்டும் (எண் 618). ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். முழுச் சபைக்கும் உச்ச அதிகாரம் தனி ஒருவரிடம் இல்லாமல், உறுப்பினர்களின் பிரதிநிதிகள் கூடும் பொதுப்பேரவையிடம் இருக்கிறது (எண் 631). ஆறாம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட், முக்கியமான முடிவுகளுக்கு எல்லாரையும் கூட்டிக் கேட்கச் சொன்னார். எது நல்லது என்பதை ஆண்டவர் பல வேளை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

மனச்சான்றுக்குள் நுழைய யாருக்கும் உரிமை இல்லை. உள்ளத்தைத் திறந்து காட்டும்படி உறுப்பினரைத் தூண்டுவதைச் சட்டம் தலைவர்களுக்குத் தடை செய்கிறது (எண் 630). பாவமான ஒன்றைச் செய்யச் சொன்னால் கீழ்ப்படியக் கூடாது. பாலியல் முறைகேடு அல்லது அதிகாரத்தைப் பயன்படுத்திய அத்துமீறல் தெரியவந்தால் புகார் செய்வது துறவியரின் கடமை என்று 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணை சொல்கிறது. சபையின் நற்பெயரைக் காப்பதற்காக மௌனம் காப்பது கீழ்ப்படிதல் ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு மற்றொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் விரும்பாத இடமாற்றம் எனக்கு வந்திருக்கிறது. என் காரணங்களைச் சொன்னேன், கேட்டார்கள், முடிவை மாற்றவில்லை. போனேன். நானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒருபோதும் சந்தித்திருக்க மாட்டாத மக்களை அங்கே நேசிக்கக் கற்றேன். எல்லா மாற்றமும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுப்பப்படுதல் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

மறைப்பணி என்றால் வெளிநாடு போக வேண்டுமா?

இயேசு சபைக் குருவான சவேரியார் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பி, 1552-ல் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தார். சிறுமலர் தெரசா மடத்தில் சேர்ந்தபின் அதைவிட்டு வெளியே போகவில்லை. 1927-ல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் தெரசாவைச் சவேரியாருக்கு இணையாக மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவித்தார். இந்தக் கேள்விக்குத் திருச்சபை தந்த பதில் அதுவே.

சவேரியாரிடம் நான் விரும்பும் ஒரு விவரம் உண்டு. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை வெட்டியெடுத்துத் தம்மோடே வைத்திருந்தார். அவ்வளவு தூரம் போனவரும் குழுவைச் சுமந்துகொண்டுதான் போனார்.

நீங்கள் செய்யும் சேவைக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் இருக்கிறதா?

பிற சமயத்தினர் இதை நேராகக் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும், மனத்தில் வைத்துக்கொள்வதைவிட அது நல்லது. கிறிஸ்துவை நான் நம்புகிறேன், கேட்கிறவருக்குச் சொல்வேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒருவரையும் கட்டாயப்படுத்தியோ முறையற்ற வழிகளில் கவர்ந்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் மறைப்பணி பற்றிய ஏட்டிலேயே தடை விதித்தது. சமய சுதந்திரம் பற்றிய ஏட்டையும் அதே நாளில் வெளியிட்டது. உதவியை நிபந்தனையாக்குவது எங்கள் விசுவாசத்துக்கே எதிரானது.

அல்ஜீரியாவில் திபிரின் என்ற இடத்தில் வாழ்ந்த டிராப்பிஸ்ட் சபைத் துறவியரை நான் அடிக்கடி நினைப்பேன். சுற்றிலும் முஸ்லிம் மக்கள். சகோதரர் லூக் ஒரு மருத்துவர், கிராமத்தார் அவரிடம் வைத்தியத்துக்கு வருவார்கள். 1993-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழிப்பு இரவில் ஆயுதம் ஏந்தியவர்கள் மடத்துக்கு வந்துபோனார்கள். போய்விடுவதா, இருப்பதா? தலைவர் தனியாக முடிவெடுக்கவில்லை. குழுவாகப் பேசினார்கள், செபித்தார்கள், அண்டை வீட்டாரை விட்டுப் போவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1996 மார்ச் மாதம் அவர்களில் எழுவர் கடத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். 2018 டிசம்பர் 8 அன்று ஓரானில் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். யாரையும் மதம் மாற்ற அவர்கள் அங்கே இருக்கவில்லை. மறைப்பணியையும் குழு வாழ்வையும் சேர்த்துப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பள்ளி, மருத்துவமனை என்று நிர்வாகத்திலேயே வாழ்க்கை போய்விடாதா?

போய்விடக்கூடும், பல இடங்களில் போயும் இருக்கிறது. துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய வத்திக்கான் சங்க ஏடு (1965 அக்டோபர் 28) ஒவ்வொரு சபையையும் நற்செய்திக்கும் நிறுவுநரின் தொடக்க உள்ளுணர்வுக்கும் திரும்பச் சொன்னது. அதன் உண்மையான பொருள் வலிக்கும். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று ஏழைப் பிள்ளை சேர முடியாவிட்டால், கட்டடம் நம்முடையது, சபைக்குத் தொடக்கத்தில் கிடைத்த தனிவரம் வெளியே நிற்கிறது. சில நிறுவனங்களைக் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரிடம் ஒப்படைத்துவிட்டு, யாரும் போகாத இடத்துக்கு நாலு பேராகப் போய் இருப்பதே சரி என்பது என் கருத்து.

சேர்வதற்கு எவ்வளவு காலம் ஆகும்?

முதலில் வந்து பார்க்கும் காலம், பிறகு நவதுறவு என்னும் பயிற்சிக் காலம். நவதுறவுக்குக் குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும். மணவாழ்வில் கட்டுப்பட்டவரும், வற்புறுத்தலால் வருகிறவரும் சேர முடியாது (எண் 643). நவதுறவு குறைந்தது 12 மாதங்கள், இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு ஆண்டுகள், தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது ஆண்டுகள்வரை. 21 வயது நிறைந்தபின்தான் நித்திய வார்த்தைப்பாடு. அவசரப்படாததற்கு நன்றி சொல்லுங்கள்.

பிறகு வெளியேற முடியுமா?

முடியும். நவதுறவில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் போகலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு, உரோமையிலுள்ள திருப்பீடத்தின் அனுமதி வேண்டும், ஆயரின் கீழ் வரும் மறைமாவட்ட உரிமைச் சபையானால் ஆயரின் அனுமதி போதும். போகிறவர் செய்த வேலைக்கு ஊதியம் கேட்க முடியாது, ஆனால் சபை அவரிடம் நேர்மையோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் (எண் 702). இந்த இரண்டாம் பகுதி பல நேரம் மறக்கப்படுகிறது. இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரைக் கையில் எதுவுமில்லாமல் அனுப்புவதும், அவர் பெயரையே பேச்சிலிருந்து எடுத்துவிடுவதும் நம்மை நாமே மறுதலிப்பது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: திரும்பி வரும் பிள்ளை தோற்று வரவில்லை. வீட்டில் அவளுக்கு இடம் இருக்க வேண்டும்.

விசுவாசமே வறண்டுபோனால்?

கல்கத்தா அன்னை தெரசா பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே பணி செய்தார் என்பது அவருடைய கடிதங்கள் வெளிவந்தபின் உலகுக்குத் தெரிந்தது. ஆகவே வறட்சி வந்ததும் அழைத்தல் போய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். ஆன்ம ஆலோசகரிடம் பேசுங்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அப்படியென்றால் மருத்துவரிடமும் போக வேண்டும். செபித்தால் சரியாகிவிடும் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். உங்களால் பாட முடியாத நாட்களில் மற்றவர்கள் திருப்பாடலைப் பாடிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சபையில் சேராமல் இந்த வாழ்வில் பங்குகொள்ள வழி உண்டா?

உண்டு. பெனடிக்ட் மடங்களோடு இணைந்த ஒப்லேத்தர்கள், பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபை என்று திருமணமானவர்களும் சேரக்கூடிய வழிகள் பல. பிரான்சிஸ்கன் பொதுநிலையினரின் இன்றைய ஒழுங்குமுறையை 1978-ல் ஆறாம் பவுல் அங்கீகரித்தார். பல சபைகள் தங்களோடு இணைந்து செபிக்கும், பணி செய்யும் குழுக்களையும் வைத்திருக்கின்றன.

ஒரு சபையைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கையேட்டையும் படங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சில நாள் தங்க அனுமதி கேளுங்கள். அங்கே இல்லாத சகோதரியைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், சமையலறையில் வேலை செய்கிறவரை எப்படி நடத்துகிறார்கள், வயதானவர்களும் நோயுற்றவர்களும் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். செபத்தில் அவசரம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏழை ஒருவர் வாசலுக்கு வந்தால் யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் வெளியேறினார்கள், ஏன் என்று தலைவியிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் தவறில்லை. நல்ல சபை அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லும். ஒரே சபையைப் பார்த்து முடிவெடுக்காமல், அடைபட்ட மடம் ஒன்றையும் வெளிப்பணி செய்யும் இல்லம் ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு எந்தச் சபையையும் சேராத ஒருவரிடம், உங்களை நன்றாக அறிந்தவரிடம், பார்த்ததைச் சொல்லிப் பேசுங்கள்.